பக்கத்து வீட்டைச் சொன்னவள்

எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் அங்காளம்மா மேடவாக்கம் என்பாள். பொய் சொல்கிறோமே என்ற கூச்சம் முதல் வருடம் இருந்தது, அப்புறம் போய்விட்டது. பெரும்பாக்கம் என்று சொன்னால் அடுத்த கேள்வி "அந்த போர்டு வீடா?" என்று வரும். ஆமாம் என்றால் வேலை கிடையாது, ஃபோன் பண்ணுகிறோம் என்பார்கள். இரண்டு இடத்தில் அப்படி ஆன பிறகுதான், மூன்றாவதாகப் போன ராஜகீழ்ப்பாக்கத்து அபார்ட்மென்ட்டில் மேடவாக்கம் என்றாள். நாலு மாடி, இருபத்துநாலு வீடு. படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கவேண்டும், குப்பையைப் பிரித்துக் கீழே கொண்டுபோகவேண்டும், கார் நிற்கிற இடத்தைக் கழுவிவிடவேண்டும். ஐந்து வருடமாக ஒரு நாள் நாகா இல்லை.

அதற்கு முன்னால் அவள் மீன்காரி. பட்டினப்பாக்கத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே கோபுவைக் கட்டி, அங்கேயே கூடை தூக்கி வளர்ந்தவள். குப்பத்தில் அவள் இருந்த வீட்டு வரிசையை இடித்தபோது பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியத்து போர்டு வீடு, ஏழாவது மாடியில் கொடுத்தார்கள். வீட்டை அவள் குறை சொல்லமாட்டாள். மழைக்கு ஒழுகாது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், மீன் ஏலத்துக்கு விடிவதற்குள் போய் நிற்கவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்து தரையில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் ஆட்டோவுக்கு அழுது பார்த்தாள், கட்டவில்லை. கூடையில் வெங்காயத்தைக் கொட்டி மூலையில் வைத்தாள்.

தொழில் போனதே தவிர வாய் போகவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்பதற்கு ஒரு முறை உண்டு. தன் மீனை எவ்வளவுதான் புகழ்ந்தாலும் வாங்க வந்தவர் நம்பமாட்டார். பக்கத்துக் கூடைக்காரியின் மீன் செவுளைத் தூக்கிக் காட்டி, "இத்தப் பாரு சார், நேத்து செத்தது. என்னுது இப்போதான் வந்துது" என்றால் நம்புவார். பக்கத்துக் கூடைக்காரிக்கும் இதில் கோபம் வராது, அடுத்த ஆள் வந்ததும் அவள் இவள் மீனின் செவுளைத் தூக்குவாள். வியாபாரம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போவார்கள். சொன்னதெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். முப்பது வருடம் அப்படிப் பேசிப் பிழைத்த வாய் அவளுடையது. எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது.

அபார்ட்மென்ட்டில் துடைப்பத்தோடு நிற்கும்போது காதில் விழாதது எதுவும் இல்லை. படிக்கட்டில் நின்று பேசுகிறவர்கள், துடைக்கிறவளுக்குக் காது இருக்கும் என்று நினைப்பதே கிடையாது. "பஸ் ஃப்ரீ, அரிசி ஃப்ரீ, மாசம் ஆயிரம் வேற. நம்ம டாக்ஸ்ல" என்பார்கள். "வீட்டைக் கொடுத்தா அதை வாடகைக்கு விட்டுட்டு மறுபடியும் ஆத்தோரம் போய்க் குடிசை போட்டுக்கறாங்க" என்பார்கள். இதைச் சொன்ன இரண்டாவது மாடி அம்மாள் நல்லவள்தான், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவள். அவளுக்கும் ஆற்றோரம் ஒரு ஆளைத் தெரியாது. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்திருந்தாள்.

பஸ்ஸிலும் இதே கதைதான். காசில்லாத டிக்கெட்டைக் கையில் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தால், நிற்கிற ஆள் ஒருவர் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்வார்: "ஓசியில வர்றவங்களுக்குத்தான் சீட்டு." அங்காளம்மா எழுந்துகொள்ளமாட்டாள். ஆனால் மேடவாக்கம் கூட்ரோடு வருகிறவரை அவள் முதுகு கூசும்.

அவள் கதவுக்கு எதிர்க் கதவு பஷீராவுடையது. சிந்தாதிரிப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த குடும்பம். புருஷன் முனீர் ஏசி மெக்கானிக், ஒரே மகள் சோயா. முதல் நாள் இரண்டு குடும்பமும் தட்டுமுட்டுச் சாமான் மூட்டைகளை வராந்தாவில் வைத்துக்கொண்டு விழித்தபோது, "உங்களுக்குத் தண்ணி வருதாக்கா?" என்று பஷீரா கேட்டதில் தொடங்கியது பழக்கம். ஒரு வீட்டுச் சாவி எப்போதும் இன்னொரு வீட்டில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் கோபுவுக்கு வலது பக்கம் விழுந்துபோனது. கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. முனீர்தான் அவனை முதுகில் போட்டுக்கொண்டு ஏழு மாடி இறங்கினான். கோபு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். காரியம் முடிகிறவரை பதினாறு நாளும் அங்காளம்மா வீட்டு அடுப்பு எரியவில்லை, எதிர்வீட்டுச் சோறுதான்.

போன வருடம் சோயா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடம் பழைய இடத்திலேயே, திருவல்லிக்கேணியில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவள் பஸ் இறங்கும்போது ஒன்பது ஆகிவிடும். ஒருநாள் இரண்டு பேர் பைக்கில் பஸ் ஸ்டாப்பிலிருந்து பிளாக் வரை அவள் பின்னாலேயே வந்தார்கள். அடுத்த வாரமே பஷீரா மகளைக் கூட்டிக்கொண்டு திருவல்லிக்கேணியில் அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். முனீரும் போனான். பரீட்சை முடியும்வரைதான். அண்ணன் வீட்டிலும் சும்மா இருக்க முடியாது, அண்ணி முகம் ஒன்று இருக்கிறதே. அதனால் இந்த வீட்டை ஜெரூஷா என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டாள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, புருஷனோடு எங்கும் இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த பெண். நாலாயிரம் ரூபாய். அந்தப் பணம் வாங்கிய கையோடு அண்ணியிடம் போகும்.

"ஒரு எட்டு மாசம்தான்கா. யாரும் கேட்டா சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லிக்கோ" என்று பஷீரா சொல்லிவிட்டுப் போனாள். அங்காளம்மா தலையாட்டினாள். மனதுக்குள் லேசாக எரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தானும் இதே ஏழாவது மாடியில்தான் இருக்கிறோம், நமக்கு ஒரு நாலாயிரம் வர வழியில்லையே என்று ஒரு எரிச்சல். அது பெரிய பொறாமை ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் மறந்தும்போனாள்.

ஆடி மாதக் கடைசியில் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் நாலு பித்தளைக் குழாய் திருடு போயிற்று. சங்கத்துச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன், ரிட்டயரான அரசாங்க ஆடிட்டர், வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஆதார் நகல் கொடுக்கவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். அவர் யாரையும் திட்டிப் பேசியதில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி காலையில் வந்துவிடும். அவருக்கு விதி என்றால் விதி, அவ்வளவுதான்.

அங்காளம்மா கார்டைக் கொண்டுவரவில்லை. இரண்டு நாள் மறந்துவிட்டேன் என்றாள், மூன்றாம் நாள் கொடுத்தாள். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முகவரியைப் படித்தார்.

"மேடவாக்கம்னு சொன்னியேம்மா. இதுல பெரும்பாக்கம்னு இருக்கு?"

அவள் துடைப்பத்தைக் கை மாற்றினாள்.

"போர்டு வீடா?"

"ஆமா சார்."

"சொந்தமா அலாட் ஆனதா, இல்ல யாராவது உள்வாடகைக்கு விட்டிருக்காங்களா? அங்க பாதிப்பேர் அப்படித்தானே?"

இந்த இடத்தில் அவள் "எம்பேர்லதான் சார்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். குழாய் திருட்டு, மறைத்த முகவரி, போகப்போகிற வேலை எல்லாம் ஒன்றாக எதிரே நின்றன. வாங்க வந்தவர் நம்பாமல் நிற்கிறார். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டது.

"நான் அந்த மாதிரி இல்ல சார். என் வூட்ல நான்தான் கீறேன். எதுர்வூட்டு பஷீராதான் வாடகைக்கு வுட்டுட்டு அண்ணன் வூட்ல போய் குந்திகினா. நாலாயிரம் வாங்குறா. நான் ஒத்த ரூபா அப்படி வாங்குனது கிடையாது."

சார் முகம் தெளிந்தது. "இதான்ம்மா. உன்னை மாதிரி ஜெனுயினா இருக்கறவங்களுக்குத்தான் இவங்களால கெட்ட பேர். எந்த பிளாக் சொன்ன?"

அவள் பிளாக் நம்பரையும் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வேலை போகவில்லை. அன்றைக்குப் படிக்கட்டை இரண்டு தரம் துடைத்தாள்.

ஒரு வாரம் கழித்து சார் செல்ஃபோனை நீட்டிக் காட்டினார். மனு ஏற்கப்பட்டது என்று மெசேஜ். பஷீரா வீட்டைப் பற்றி ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறார். அங்காளம்மா பயந்தாள், ஆனால் வீட்டுக்குப் பாதி வழி போவதற்குள் அது அடங்கிவிட்டது. மனு என்றால் அவளுக்குத் தெரியாதா? தெருவிளக்குக்கு மனு போட்டார்கள், ஸ்கூல் பஸ்ஸுக்கு மனு போட்டார்கள், பிளாக்கே சேர்ந்து கையெழுத்தும் கைநாட்டும் வைத்து எத்தனையோ போட்டார்கள். எதுவும் அசைந்ததில்லை. மனு என்பது கொடுத்துவிட்டு வருகிற காகிதம் என்றுதான் அவள் அனுபவம். சார் எழுதினால் அது நகரும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பஷீராவுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் எடுத்தாள். என்னவென்று ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அது நகர்ந்து வந்தது. மதியம் இரண்டு மணிக்கு அவள் வேலை முடிந்து வரும்போது பிளாக் வாசலில் ஜீப் நின்றது. லிஸ்ட் வைத்துக்கொண்டு போர்டு ஆட்கள் நாலு பேர், கூட இரண்டு போலீஸ். வீடு வீடாகத் தட்டி ஒதுக்கீட்டு ஆணையையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் கேட்டார்கள். ஏழாவது மாடியில் எதிர்க்கதவைத் திறந்தது ஜெரூஷா. யார் நீங்கள் என்றார்கள். அங்காளம்மா மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் போலீஸைப் பார்த்து அரண்டுபோய் எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு வாடகை, எந்த தேதியில், எந்த நம்பருக்கு ஜிபே என்பது உட்பட. கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலாவது மாடியில் ஒரு வீட்டிலும், இரண்டாவது மாடியில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டிலும் ஒட்டினார்கள். பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு ரத்து.

அங்காளம்மாவின் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. "இவங்கதான் ஒழுங்கு" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

மறுநாளே பஷீரா ஓடிவந்தாள். புகாரின் பேரில் என்று போட்டிருந்த நோட்டீஸைக் கையால் தடவித் தடவிப் படித்தாள். "யாரு எழுதிப்போட்டாங்கன்னே தெரியலக்கா. நமக்கு யாரு எதிரி?" என்றாள். அங்காளம்மா டீ போட்டுக் கொடுத்தாள். சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லி, காலில் விழுந்திருந்தால் ஒருவேளை அவள் மனசாவது தேறியிருக்கும். சனியன் பிடித்த வாய், பேசக்கூடாத இடத்தில் பேசியது, பேசவேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது.

"பக்கத்து வூட்டுக்காரங்க வந்து, இவங்க இங்கதான் இருக்காங்க, பொண்ணு படிப்புக்காகத்தான் போயிகீறாங்கன்னு சொன்னா எடுத்துக்குவாங்களாம். வரியாக்கா?" என்று பஷீரா கேட்டாள்.

"வரேன்" என்றாள் அங்காளம்மா. சத்தியம் கேட்டாலும் செய்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வீடு பஷீராவுக்கு நிலைத்துவிட்டால், தான் சொன்னது சொல்லாததாகிவிடும். அந்தப் பதினைந்து நாளும் அவள் வேண்டாத சாமி இல்லை.

விசாரணை நாளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சோயாவின் அரையாண்டுப் பரீட்சை, முனீரின் முதுகுவலி என்று பஷீரா பேசிக்கொண்டே இருந்தாள். உள்ளே கூப்பிட்டதும் அங்காளம்மா முந்திக்கொண்டாள்.

"சார், இவங்க இங்கதான் சார் கீறாங்க. பொண்ணு பட்ச்சுகினு கீது, அதுக்காவத்தான் அண்ணன் வூட்டாண்ட போயிருக்காங்க. நான் எதுர்வூடு சார். நான் சொல்றேன்."

அதிகாரி சின்ன வயசு. "உங்க பேர்?" என்றார். சொன்னாள். அவர் ஃபைலைப் புரட்டினார், ஒரு தாளில் நின்றார், அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"கம்ப்ளெயின்ட்டே நீங்க சொன்னதுதானேம்மா? இப்ப நீங்களே சாட்சியா?"

பிறகு அவர் ஸ்ரீநிவாசராகவனின் மனுவைப் படித்தார். படிக்கவேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, ஆனால் படித்தார். "இதே குடியிருப்பில் வசித்து, எங்கள் அடுக்ககத்தில் உழைத்துப் பிழைக்கும் அங்காளம்மா என்ற நேர்மையான பயனாளியின் மூலம் இம்முறைகேடு எனது கவனத்திற்கு வந்தது. அவரது எதிர்வீட்டில் வசிக்கவேண்டிய பஷீரா என்பவர்..." நல்ல தமிழ். தப்பே இல்லாத தமிழ்.

"நான் பொய் சொன்னேன் சார்" என்றாள் அங்காளம்மா. "வேலைக்கு பயந்துகினு பொய் சொன்னேன். இவங்க வாடகைக்கு வுடல."

"அந்தப் பொண்ணு வாக்குமூலம் குடுத்திருக்கு. ஜிபே ரெக்கார்டு இருக்கு. பொய் கம்ப்ளெயின்ட்னா அதுக்குத் தனியா நடவடிக்கை இருக்கு, தெரியுமா?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஷீராவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். பஷீரா அழுதிருந்தால் அங்காளம்மாவுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். பஷீரா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கணக்கு புரியாத பிள்ளை டீச்சரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நீ இன்னாத்துக்கு பொய்னு சொன்னே? வாடகைக்கு வுட்டது நெசம்தானே."

"பஷீரா..."

"நெசத்தைத்தான் சொன்னே. எனக்கு அது கோவம் இல்லக்கா. ஏன் வுட்டேன்னும் உனக்குத் தெரியும். ராத்திரி என் பொண்ணு பின்னாடி எவன் வந்தான்னு தெரியும். என் அண்ணி எப்டின்னு தெரியும். எட்டு மாசம்தான்னு தெரியும். அத்த ஏன் அவராண்ட சொல்லல?"

 அதைச் சொல்லவேண்டும் என்று சார் கேட்ட நேரத்தில் அங்காளம்மாவுக்குத் தோன்றவே இல்லை. செவுளைத் தூக்கிக் காட்டுகிறவள் அந்த மீனை எந்தக் கடலில் பிடித்தார்கள் என்றா சொல்லிக்கொண்டிருப்பாள்? ஆனால் இதைப் போய் பஷீராவிடம் எப்படிச் சொல்வது. திரும்பும்போது பஸ்ஸில் பஷீரா முன்னால் உட்கார்ந்தாள், இவள் பின்னால் நின்றுகொண்டே வந்தாள். பாதி சீட்டு காலியாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த வாரம் ரத்து ஆணை வந்தது. ஜெரூஷாவும் புருஷனும் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டார்கள். முனீர் ஒரு சின்ன வண்டி கொண்டுவந்து பீரோவையும் பாத்திரங்களையும் ஏற்றினான். அங்காளம்மா ஒரு அண்டாவைப் பிடிக்கப் போனாள். அவன் "வேணாம்கா, கனம்" என்றான், மரியாதையாகத்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த மிதியடியைப் பஷீரா எடுத்துக்கொள்ளவில்லை. அங்காளம்மாவின் வீட்டுச் சாவியை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்கப்புறம் அவர்கள் எங்கே போவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிளாக்கில் இப்போது அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கம்ப்ளெயின்ட்டு அக்கா. அவள் படியேறும்போது பேச்சு நிற்கும். செத்துப்போன மாமியார் பெயரில் கார்டு வைத்திருப்பவள், இன்னொரு வீட்டுக்காக மகனைத் தனிக்குடும்பமாகக் காட்டியவன், மாதத்தில் பத்து நாள் வெளியூரில் சித்தாள் வேலைக்குப் போகிறவள் என்று எல்லாரிடமும் ஒளிக்க ஏதோ ஒன்று இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் தப்புதான். சட்டம் பார்க்காமல் சோறு மட்டும் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். அவர்கள் அவளைத் திட்டவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார்கள். நேர்மையானவள் என்று அவளைச் சொல்கிற ஒரே இடம் ராஜகீழ்ப்பாக்கத்து அபார்ட்மென்ட்தான், அங்கே அவள் லிஃப்டில் ஏறக்கூடாது.

மாசி பிறந்து ஒரு காலையில் சார் அவளைக் கூப்பிட்டார். நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அவருக்குப் பதில் வந்திருந்தது. "பாத்தியா, முறையாப் போனா நடக்கும். உன் பேரையும் போட்டிருந்தேன், நல்லவங்களுக்கும் ஒரு ரெக்கார்டு இருக்கணும்னு" என்றார்.

அங்காளம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் நின்று நீளமாகப் பேசினாள். சோயா ஏறி இறங்கிய பஸ்கள், ஸ்பெஷல் கிளாஸ், பைக்கில் வந்த இரண்டு பேர், அண்ணி, அந்த நாலாயிரம் போன வழி, கோபுவைத் தூக்கிக்கொண்டு முனீர் இறங்கிய ஏழு மாடி, பதினாறு நாள் சோறு என்று வேப்பமரத்தடியில் வராத பதில் எல்லாம் அங்கே வந்தது. சார் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடடா" என்றார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லியிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேனே."

அவர் மனதாரத்தான் சொன்னார், அது அவளுக்கும் தெரிந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை அவரும்தான் கேட்டிருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. 

"ஆமா சார்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள்.